‘ரோபஸ்ட்’ என்பதற்குத் ‘தளரா’: ஒரு முன்மொழிவும் ஒரு மறுப்பும்

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பொறிகளை விரும்பியபடி இயங்கவைக்கும் கட்டுப்பாட்டியல், எந்திரனியல் ஆகிய இரு துறைகளிலும் பெயர்பெற்ற பேராசிரியர் எம். வித்யாசாகரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். சித்தூரில் வாழும் எங்களுக்கு அவர் அயலார் அல்லர். 1947இல் எங்கள் ஆந்திரத்தின் குண்டூரில் பிறந்தவர்; விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1969இல் முனைவர் பட்டம் பெற்றார், இருபத்திரண்டைத் தாண்டாத வயதில். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கற்பித்தபின், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தை விட்டு 1989இல் தாயகம் திரும்பி, பெங்களூரில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் செயற்கை நுண்ணறிவு, எந்திரனியல் மையத்துக்கு இயக்குநரானார். 2000 முதல் ஹைதராபாத்தில் டாட்டா கன்சல்டன்சி மென்பொருள் நிறுவனம், 2009இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம், 2012இல் இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்று செல்லும் இவற்றையெல்லாம் எழுதுவதில் எனக்குத் தடை ஏதும் ஏற்படவில்லை. அவர் உண்மையில் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டிய பத்தியில்தான் எழுத்து நின்றுவிட்டது. அங்கே ‘ரோபஸ்ட்’ என்ற சொல் வழிமறிக்கிறது.

பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்கிறேன். எந்தப் பொறியைக் கட்டுப்படுத்த விரும்பினாலும், முதலில் அதற்கு ஒரு கணித உருவத்தை எழுதிக்கொள்கிறோம். அந்த உருவம் பொறியை அப்படியே ஒத்திருப்பதில்லை. எந்திரக் கை தூக்கப்போகும் சுமையின் நிறை முன்கூட்டித் தெரியாது. மூட்டுகளின் உராய்வு நாளுக்கு நாள் மாறும். கணித உருவத்துக்காக வகுத்த கட்டுப்பாடு, அதிலிருந்து ஓரளவு விலகி நிற்கும் உண்மைப் பொறியையும் நிலைப்படுத்துமானால், அதாவது கட்டுமீறிப் போகாமல் நிறுத்துமானால், அதையே ‘ரோபஸ்ட்’ என்கிறார்கள். ‘ஓரளவு’ என்றால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. நிலைப்பற்ற பொறிகள் இரண்டுக்கு இடையிலுள்ள தொலைவை எப்படி அளப்பது என்பதற்கு வித்யாசாகர் 1984இல் ஓர் அளவையை வகுத்தார். அந்த அளவையின்படி ஒரு பொறிக்கு மிக அருகில் இருக்கும் மற்றொரு பொறியை, முதற்பொறிக்கு வகுத்த அதே கட்டுப்பாட்டினால் நிலைப்படுத்திவிட முடியும்.

நம் குழுமத்தில் இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘திடக் கட்டுப்பாடு’ எனக்கு ஒப்பவில்லை. திடப்பொருள், திடக்கழிவு என்று பழகிய மாணவர் அதைத் திடப்பொருளைக் கட்டுப்படுத்துவது என்றே படிப்பார். ‘வலுவான கட்டுப்பாடு’ என்றால் அதிக விசையோடு அழுத்திப் பிடிப்பது என்று பொருள்படும். உண்மையில் மிகுதியாக அழுத்தும் கட்டுப்பாடே பல நேரங்களில் முதலில் நிலைகுலையும். ‘ஈடுகொடு கட்டுப்பாடு’ என்பதை முன்மொழிந்தவனே நான்தான். இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பொறியின் இயக்கத்தில் உள்ள குறையைச் சரிக்கட்டும் உறுப்பான காம்பென்சேட்டர் என்பதை ‘ஈடுசெய்வி’ என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். எந்திரனியலாளர் மார்க் ஸ்பாங்குடன் சேர்ந்து எந்திரக் கையைப் பற்றி வித்யாசாகர் 1987இல் வெளியிட்ட ஆய்வுரையின் தலைப்பிலேயே ரோபஸ்ட், காம்பென்சேட்டர் ஆகிய இரண்டும் ஒன்றாக வருகின்றன. ‘ஈடுகொடு ஈடுசெய்வி’ என்று எழுதினால் அடகுக்கடைப் பலகைபோல் இருக்கும்.

ஆகவே ‘தளரா’ என்பதை முன்வைக்கிறேன். ரோபஸ்ட் கட்டுப்பாடு தளராக் கட்டுப்பாடு. அந்தப் பண்பு தளராமை. அந்த வகை நிலைப்பு தளரா நிலைப்பு. இத்தகைய எதிர்மறை வடிவம் கணிதத் தமிழுக்குப் புதிதன்று. பகா எண், ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத சார்பகா எண்கள் என்று பள்ளிப் பாடநூலிலேயே படித்திருக்கிறோம். வித்யாசாகரின் 1985ஆம் ஆண்டு நூல் முழுவதுமே, ஒரு பொறியின் மாற்றுச் சார்பை (உள்ளீடு எவ்வாறு வெளியீடாகிறது என்று சொல்லும் கணிதக் கோவையை) நிலைப்புள்ள இரண்டு சார்பகாச் சார்புகளின் வகுத்தலாக எழுதி, அந்தப் பொறியை நிலைப்படுத்தும் கட்டுப்பாடுகள் அனைத்தையும் ஒரே வாய்பாட்டில் அடக்கிவிடும் முறையைப் பற்றியது. அவருடைய தந்தை எம். வி. சுப்பாராவ் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எண்கோட்பாட்டாளர். தந்தையின் துறைக்கென்று தமிழ் ஆக்கிவைத்த சொல் மகனின் துறைக்கும் மாற்றமின்றிப் பொருந்துவதைக் கண்டபோது, கட்டுரையை ஒருநாள் ஒதுக்கிவைத்துவிட்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்து, பொறியியலை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் பலர். அவர்களிடம் ‘கட்டுப்பாடு’ என்றால் ‘கட்டுபாட்லு’ என்ற தெலுங்குச் சொல் நினைவுக்கு வந்து, ஊர் வழக்கத்தையும் குலக் கட்டையும் எண்ணிச் சிரிக்கிறார்கள். தெலுங்கின் ‘நியந்த்ரண’ அவர்களுக்கு எளிது. அதற்காக நாம் கட்டுப்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை; ஆனால் அதன்முன் வரும் அடைமொழியாவது கேட்டவுடன் விளங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சித்தூர்

*

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் முன்மொழிவில் எனக்கு இரண்டு தயக்கங்கள். நகரியில் எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. ‘தளர்’ என்றால் எங்களுக்குப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், தொய்வதுதான் முதலில் தோன்றும். தளராதது என்றால் விறைப்பாக இழுத்துக் கட்டியது என்றாகிவிடும். அப்படி இழுத்தால் நூல் அறும். ‘குலையாக் கட்டுப்பாடு’ என்றால் என்ன? இரண்டாவது, ‘தளரா’ என்பது ஒருபோதும் தளராது என்று அறுதியிட்டுச் சொல்கிறது. தாங்கள் விளக்கிய பொருளோ ஓர் எல்லைவரைதான் செல்கிறது.

நகரி

*

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

தறியை நினைவூட்டியதற்கு நன்றி. அந்தத் தறியையே சான்றாகக் கொள்கிறேன். நெய்ய நெய்யப் பாவு உருளையின் விட்டம் குறைகிறது. எடை தொங்கவிட்டு உருளையை இறுக்கும் பழைய அமைப்பில் தடை மாறாதிருப்பதால் நூலின் இழுவை கூடிக்கொண்டே போகிறது. நெசவாளர் அவ்வப்போது எழுந்து எடையை நகர்த்தி இழுவையைக் குறைக்கிறார். விட்டம் மாறுவதைக் கண்டு தம் செய்கையையும் மாற்றிக்கொள்வதால் அது தகவமைக் கட்டுப்பாடு. முழு உருளையிலிருந்து வெற்று உருளைவரை எந்த விட்டத்துக்கும், எவரும் எழுந்து வந்து தொடாமலே, இழுவையை நூல் தாங்கும் அளவுக்குள் வைத்திருக்கும்படி முதலிலேயே வகுக்கப்பட்ட ஓர் அமைப்பு இருந்தால் அதைத்தான் தளராக் கட்டுப்பாடு என்பேன். இங்கே தளராதது நூலன்று, நாம் அளித்த உறுதி. ‘மனம் தளராதே’ என்னும்போது எவரும் மனத்தை இழுத்துக் கட்டச் சொல்வதில்லை. அசையாத எந்திர உறுப்புக்கு ‘விறைப்பு’ என்ற சொல் தனியே இருக்கிறது. அங்கே ‘தளரா’ நுழைய வேண்டியதில்லை.

‘குலையா’ அழகாக இருக்கிறது. ஆனால் ‘நிலைகுலைதல்’ என்ற வழக்கினால் அது நிலைப்பு என்ற பொருளையே தருகிறது. நிலைப்பு வேறு, அந்த நிலைப்பு பொறி மாறினாலும் எஞ்சுவது வேறு என்ற வேறுபாட்டைக் காட்டத்தானே இவ்வளவும் பேசுகிறோம்.

தங்கள் இரண்டாவது தயக்கத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. எல்லையைச் சொல்லாமல் தளராமையைச் சொல்வது பிழைதான். ஆங்கிலத்தில் எழுதுவோரும் அந்தப் பிழையைச் செய்கிறார்கள். சொல்லுக்குள் எல்லையைப் புகுத்தினால் அது நீண்டு வழங்காமல் போகும் என்பதால், சொல் முதன்முறை வரும் இடத்தில் எல்லையையும் சேர்த்து எழுதுவதென்று முடிவுசெய்து, நின்றுபோன பத்தியை இவ்வாறு தொடங்கியிருக்கிறேன்: “பொறி தன் கணித உருவத்திலிருந்து எவ்வளவு தொலைவு விலகும்வரை ஒரு கட்டுப்பாடு தளராதிருக்கும் என்று கேட்ட வித்யாசாகர், அந்தத் தொலைவை அளப்பதற்கு 1984இல் ஒரு வழி கண்டார்.”

சித்தூர்