பிரேக்கில் ஏர் எடுக்க, தனியாளுக்கு எது நல்லது?

வணக்கம். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும்போது, கடைசி வளைவுகள் வருவதற்குள் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு, செகண்ட் கியரில்தான் இறங்குகிறேன், அதனால் ஓட்டுகிற விதத்தைத் திட்ட வேண்டாம். பிரேக் ஆயில் மாற்றி வருடக்கணக்காகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதித்துக் குமிழி விடலாம். என் சந்தேகம் அதன் மேல்தான்.

வீட்டிலேயே ஆயிலை மாற்றி, பிரேக் குழாயில் நிற்கும் காற்றையும் வெளியேற்றப் பார்க்கிறேன். பெடல் மிதிக்க ஆள் இல்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி. கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப் வாங்கலாமா, ஒருவழி வால்வு வைத்த டியூபே போதுமா? வேக்குவம் போட்டால் நிப்பிள் (சக்கரத்தருகே ஆயிலை வெளியே விடும் திருகு) மரை வழியாகக் காற்று புகுந்து, குமிழி நிற்கவே நிற்காதாமே? அப்புறம், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள வண்டி இது. வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் இல்லாமல் செய்தவர்கள் உண்டா? பிரேக் ஆயில் டப்பாவுக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கு என்பார்கள், ஆனால் எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. உங்கள் வண்டியில் எந்த வரிசை?

ஐந்து ரோடு பக்கம் நல்ல ரிங் ஸ்பேனர் கிடைக்கும் கடை இருந்தாலும் சொல்லுங்கள். அதுவரை வண்டி மலையேறாது.