மனோன்மணீயத்தை ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் படமாக்கினால் சுருங்கை எங்கே போகும்?

சேர்வராயன்
பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தை, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கான 105 நிமிடப் படமாக மாற்றும் வரைவு இது. தயவு தாட்சண்யம் இல்லாமல் அடிக்கலாம்.

படிக்காதவர்களுக்குக் கதை. பாண்டியன் சீவகன், அமைச்சன் குடிலன் பேச்சைக் கேட்டு மதுரையை விட்டு நெல்லையில் கோட்டை கட்டுகிறான். அவன் மகள் மனோன்மணியும் சேரன் புருடோத்தமனும் கனவில் மட்டும் ஒருவரையொருவர் கண்டு மயங்குகிறார்கள். தூது போன குடிலன் மகன் பலதேவன் காரியத்தைக் கெடுத்து, போரில் கொண்டுவந்து விடுகிறான். பாண்டியன் தோற்ற இரவில் மனோன்மணியை அவசரமாகப் பலதேவனுக்கே கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். ஆபத்துக்கு உதவட்டும் என்று சுந்தர முனிவர் அமைத்த சுருங்கையை, அதாவது நிலத்தடி ரகசிய வழியை, குடிலன் கண்டுபிடித்து, சேரனிடம் விலை பேசப் போகிறான். சேரன் அவனுக்கே விலங்கு மாட்டி, அதே சுருங்கை வழியாக மணமண்டபத்தில் வந்து நிற்கிறான். அவள் மாலையிடுகிறாள்.

1942இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் இதை ‘மனோன்மணி’ என்று படமாக்கினார். பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்தார்கள். ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் வளைவு இன்னும் நிற்கிறது.

என் மாற்றங்கள்: சீவகன் ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியின் தாளாளர். குடிலன் நிர்வாக அலுவலர். மூலத்தில் பாண்டியனுக்கும் சேரனுக்கும் நடக்கும் நாஞ்சில் நாட்டுத் தகராறு, மலையடிவாரத்து விளையாட்டு மைதானத் தகராறு. புருடோத்தமன் சேலம் டவுன் பள்ளியின் கால்பந்து கேப்டன். கனவு, இன்ஸ்டாகிராம் ரீல்ஸ். சுருங்கை, ஒரு ரகசிய வாட்ஸ்அப் குழு. வசனம் முழுக்க இன்றைய பேச்சுத் தமிழ்.

அகவல்பித்தன்
ஐயா, கதையை வைத்துக்கொண்டு செய்யுளை எறிகிறீர்கள். கதை யாருடையது? லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ‘தி சீக்ரெட் வே’ கதையைத் தழுவியதாக ஆசிரியரே சொல்லிவிட்டார். நமக்கு அவர் தந்தது அந்த ஆசிரியப்பா, அதாவது அகவல் ஓட்டம்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது லிட்டன் சரக்கு. பாஸ் லூர்மன் 1996இல் ‘ரோமியோ ஜூலியட்’டை எடுத்தபோது துப்பாக்கி, கார், ஹவாய் சட்டை எல்லாம் கொண்டுவந்தார், ஷேக்ஸ்பியர் வரியை விடவில்லை. பிள்ளைகள் பார்க்கத்தான் செய்தார்கள்.

எடிட்டிங் டேபிள்
கணக்குப் போட்டுப் பேசுவோம். நாடகம் 5 அங்கம், 20 களம், ஏறத்தாழ 4500 அடி. நாற்சீர் அடி ஒன்றை நடித்துச் சொல்ல மூன்று விநாடி என்று வைத்தால் 13,500 விநாடி, அதாவது மூன்றே முக்கால் மணி நேரம். 105 நிமிடப் படத்தில் பேச்சுக்கு 50 நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அதில் 1000 அடிதான் அடங்கும். நாலில் மூணு பங்குக்கு மேல் போயே ஆகணும். அதனால் எதை வெட்டுவது என்பது மட்டும்தான் கேள்வி.

லூர்மன் உதாரணம் இங்கே முழுசாப் பொருந்தாது. அவரும் பாதிக்கு மேல் வெட்டித்தான் எடுத்தார். அதைவிட முக்கியம், செய்யுள் வேறு, தெருப்பேச்சு வேறு என்று நம்ம காதுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். கால்பந்து ஜெர்சி போட்ட பையன் அகவலில் பேசினால் முதல் நிமிஷம் சிரிப்பு வரும், பத்தாவது நிமிஷம் பாப்கார்ன் வாங்கப் போவார்கள்.

11-பி
பள்ளிப் பக்கத்திலிருந்து ஒன்று. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தினமும் காலை பிரேயரில் இந்த நாடகத்தைத்தான் பாடுகிறார்கள். ‘நீராருங் கடலுடுத்த’ இதன் பாயிரம். எந்த நூலில் வருகிறது என்று கேட்டால் மனப்பாடமாக விடை சொல்வார்கள், நூலைத் தொட்டிருக்க மாட்டார்கள். உங்கள் முதல் ஷாட் இலவசமாகக் கிடக்கிறது, பயன்படுத்தவே இல்லை.

வெட்டலாமா கூடாதா என்று சண்டை போடுகிறவர்களுக்கு: அரசு பாடுவதே வெட்டிய வடிவம்தான். மூலத்தில் ‘தமிழணங்கே’க்கு அடுத்து ‘பல்லுயிரும் பலவுலகும் படைத்தளித்துத் துடைக்கினுமோர்’ என்று தொடங்கும் அடிகள் வரும். பிரேயரில் அவை கிடையாது.

அகவல்பித்தன்
அரசு வெட்டியது என்பதற்காக நாமும் வெட்டுவதா? நல்ல நியாயம்.

கொண்டைஊசி 17
பிரேயர் ஷாட் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு சிக்கல். பாட்டு வரிக்கு உரிமை எப்பவோ முடிஞ்சுது. ஆசிரியர் 1897இல் காலமானார், இங்கே சட்டம் ஆயுளுக்குப் பின் 60 வருஷம். மெட்டு அப்படி இல்லை. அது எம்.எஸ். விஸ்வநாதன் போட்டது, உரிமை இன்னும் முடியலை. முறையா அனுமதி வாங்குங்க. இல்லைன்னா பாட்டு முடிஞ்சு வரிசை கலையற இடத்துல ஷாட்டைத் தொடங்குங்க. எனக்குக் கேட்டா ரெண்டாவதுதான் சரி. பாட்டைத் தியேட்டர்ல போட்டா பாதிப் பேர் எழுந்து நிப்பாங்க, பாதிப் பேர் நிக்கலாமா வேண்டாமான்னு பார்ப்பாங்க, அதுக்குள்ள ஹீரோயின் அறிமுகம் முடிஞ்சிருக்கும்.

உரை எழுதின பதிப்பைப் பார்த்து வசனம் எழுதறவங்களுக்கும் இதே எச்சரிக்கை. மூலம் பொது, உரை உரையாசிரியருக்குச் சொந்தம்.

எடிட்டிங் டேபிள்
நான் அடிக்க வந்தது வாட்ஸ்அப் குழுவை. சுருங்கை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒருத்தியைக் காப்பாற்ற அமைத்த வழி. அதற்கு இரண்டு வாய். கண்டுபிடித்தவன் எந்தப் பக்கமிருந்தும் நடக்கலாம். தப்பிக்கிற வழியே எதிரி வருகிற வழியாகத் திரும்புவதுதான் ஐந்தாம் அங்கத்தின் முடிச்சு. வாட்ஸ்அப் குழுவில் ஒருவனை நீக்கலாம், குழுவையே கலைக்கலாம். அதைவிட மோசம், கிளைமாக்ஸில் எல்லோரும் குனிந்து போனைப் பார்ப்பார்கள். ஆள் உடம்போடு வந்து நிற்க வேண்டிய இடத்தில் நோட்டிபிகேஷன் சத்தம் வந்தால் என்ன இருக்கிறது?

‘டென் திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ’ 1999இல் ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி நாடகத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது. மூலத்தின் பேச்சு நடை போய்விட்டது. அக்காவுக்கு வழி பிறக்காமல் தங்கைக்கு வழியில்லை என்ற தடையை மட்டும் விடவில்லை, படம் அதில்தான் ஓடுகிறது. இங்கே நீங்கள் தடையைக் கழற்றிவிட்டுப் பெயர்களைக் காப்பாற்றுகிறீர்கள்.

சேர்வராயன்
ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஏற்காட்டு ஒற்றையடிப் பாதை. இருபது கொண்டை ஊசி வளைவையும் குறுக்கே வெட்டி இறங்குகிற மாதிரி.

கொண்டைஊசி 17
சரிவு காப்புக்காடு. வனத்துறை அனுமதி வேணும், ராத்திரி ஷூட்டிங் நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. தனியார் காபி எஸ்டேட்டுக்குள்ள, ரோட்டுக்கு அடியில மழைத்தண்ணி போற கல்பாலம் ஒண்ணு பிடிங்க. வெளியே தெரியற ரெண்டு வாய் மட்டும் அங்கே. உள்பக்கத்தைச் சேலத்துல ஒரு குடோன்ல செட் போடுங்க. பன்னிரண்டு அடி நீளம் போதும், நாலு நாலு அடியா மூணு பிளைவுட் துண்டு. துண்டுகளை இடம் மாத்தி மாத்தி அடுக்கி மூணு தடவை எடுத்தா நீளமான சுருங்கை. உயரம் ஐந்தடிக்கு மேல வேண்டாம், குனிஞ்சு நடந்தாத்தான் மூச்சு முட்டற உணர்வு வரும். புகை மெஷின் வச்சா ஒரு முனையை எப்பவும் திறந்தே வையுங்க. ரெண்டு பக்கமும் அடைச்சுட்டு நாலாவது டேக் போனா பிள்ளைகளுக்குத் தலை சுத்தும்.

பருவம்: ஐப்பசி கார்த்திகையில மழை, பனிமூட்டம். மாஸ்டர் ஷாட்ல மரம் தெரியும், குளோசப்ல வெள்ளைச் சுவர்தான் தெரியும், ரெண்டும் வெட்டி ஒட்டாது. மார்ச்ல பொதுத்தேர்வு. மே மாசம் கோடை விழாக் கூட்டம், லேக் பக்கம் கேமராவே இறக்க முடியாது. பொங்கல் முடிஞ்சு பிப்ரவரி நடுப்பகுதி வரைக்கும் தான் வசதி. ஏசி வண்டில கேமராவை ஏத்தி வந்து நேரா திறக்காதீங்க, லென்ஸ் வேர்க்கும். பையோட அரைமணி நேரம் வெளியே வச்சுட்டுத் திறங்க.

அம்மாபேட்டைக்காரன்
குடிலன் பாதையை எப்படிக் கண்டுபிடிக்கிறான்? வரைவில் ‘தற்செயலாக’ என்று இருக்கிறது. பிள்ளைகள் மன்னிக்கவே மாட்டார்கள். நம்ம ஊர் மண்ணே துப்புத் தருமே. மலைமேல் செம்மண், அடிவாரத்து மேக்னசைட் தாதுப் பக்கம் வெள்ளைப் பொடி. விடுதி வராந்தாவில் வெள்ளைப் பொடி படிந்த ஷூ ஒன்று. கீழேயிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று குடிலனுக்குப் புரிந்துவிடும். ஒரு வசனம் வேண்டாம்.

கொண்டைஊசி 17
அண்ணா, மலையேறி வந்த ஷூல வெள்ளை எங்கே மிச்சம் இருக்கும்? செம்மண்ணும் சருகும் மேல அப்பியிருக்கும். அதுவும் காலைப்பனில ஈரம்.

அம்மாபேட்டைக்காரன்
சரி, ஷூ வேண்டாம். பையின் அடிப்பாகம். வந்தவன் அடிவாரத்தில் உட்கார்ந்தபோது பையைத் தரையில் வைத்திருப்பான், ஏறும்போது பை முதுகில். விடுதிச் சிமெண்டுத் தரையில் பையைத் தூக்கினால் வெள்ளையாக ஒரு சதுரம் மிச்சம். குடிலன் விரலால் தொட்டுப் பார்க்கிறான், தூக்கின பையைத் தேடி நிமிர்கிறான். எட்டு விநாடி.

எடிட்டிங் டேபிள்
எட்டு அதிகம், ஐந்து போதும். மற்றபடி இதுதான் இந்த இழையிலேயே உருப்படியான பதிவு.

11-பி
கல்யாணத்துக்கு வாருங்கள், எல்லோரும் லாவகமாக ஒதுங்குகிறீர்கள். கதாநாயகிக்கு 16 வயது. சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவைப்பது குழந்தைத் திருமணம். அதைக் காட்டலாம், காட்டத்தான் வேண்டும், இது பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அதைத் தடுக்க வந்தவன் கழுத்தில் அவளே மாலை போடுவதாக முடித்தால், மாப்பிள்ளை மாறினாரே தவிரக் குற்றம் மாறவில்லை.

சேர்வராயன்
நள்ளிரவு மணி அடித்ததும் அவளுக்கு 18 பிறக்கிற மாதிரி வைக்கலாமா? மூலத்திலும் இரவுதானே.

11-பி
புருடோத்தமனுக்கு அன்றைக்கே 21 ஆகிவிடுமா? பள்ளி கால்பந்து கேப்டனுக்கு?

அகவல்பித்தன்
மாலை விழாத மனோன்மணீயம் மனோன்மணீயம் அல்ல. இதில் நான் இறங்கி வரமாட்டேன். ஐந்து அங்கமும் அந்த மாலைக்காகத்தான் நடக்கின்றன. வயதை உயர்த்துங்கள், கல்லூரி ஆக்குங்கள்.

எடிட்டிங் டேபிள்
கல்லூரி ஆக்கினால் விடுதிச் சுவர், தாளாளர் அதிகாரம், டி.சி. பயம் எல்லாம் போய்விடும். மனோன்மணி பஸ் ஏறிப் போய்விடுவாள். சுருங்கையே தேவைப்படாது.

சீவகன் மீதும் ஒரு குறை. வரைவில் அவர் வில்லன் மாதிரி இருக்கிறார். மூலத்தில் அவன் கெட்டவன் இல்லை. சொல்வார் பேச்சைக் கேட்கிற நல்லவன், அதனால்தான் ஆபத்து. பிள்ளைகள் வீட்டில் பார்க்கிற அப்பா பெரும்பாலும் இந்த ரகம்தான்.

வாணிகட்சி
வாணி எங்கே? நடராசனை விரும்பும் தோழி. அப்பா சகடன் பலதேவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். ஒரே பையனுக்கு இரண்டு பெண்களை வற்புறுத்துகிறார்கள்! வரைவில் அவள் இரண்டு காட்சியில் டிபன் பாக்ஸ் திறக்கிறாள், அவ்வளவுதான். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுவது அவளாக இருக்கட்டும். அவளுக்குத்தான் இது எங்கே போய் முடியும் என்று முன்பே தெரியும்.

சேர்வராயன்
வாணியைப் பெரிதாக்குகிறேன். இப்போது கனவு. ரீல்ஸையும் எடுத்துவிடவா?

எடிட்டிங் டேபிள்
கட்டாயம். முகத்தை முன்பே பார்த்துவிட்டால் மண்டபத்தில் அடையாளம் கண்டுகொள்ள ஒன்றுமில்லை. கனவுக்குச் சமம் குரல். முகம் காட்டாத ஆன்லைன் ஒப்பித்தல் போட்டி ஒன்றில் குரலை மட்டும் கேட்கிறார்கள். படம் முடிவதற்குள் ரசிகர் அந்தக் குரலை நாலு தடவையாவது கேட்டிருக்க வேண்டும், நாலும் வேறு வேறு மனநிலையில்.

பாழாவது டப்பிங்கில். பையன் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்றால் மொத்த வித்தையும் கவிழ்ந்துவிடும். அவனே பேசியாக வேண்டும். போட்டிக் குரலை ஷூட்டிங்குக்கு முன்பே பதிவு செய்து, மனோன்மணியாக நடிக்கிற பெண்ணுக்கு நிஜமாகவே முகம் காட்டாமல் கேட்கக் கொடுங்கள்.

கொண்டைஊசி 17
மலைல சிங்க் சவுண்ட், அதாவது நடிக்கும்போதே குரலைப் பதியறதா இருந்தா சாயங்காலம் ஐந்தரைக்குள்ள முடிங்க. அப்புறம் சில்வண்டு ஆரம்பிச்சா வடிகட்ட முடியாது. வளைவுக்கு வளைவு பஸ் ஹாரன் வேற. பாலியெஸ்டர் யூனிபார்ம் மைக்ல சரசரக்கும், காட்டன் தைக்கச் சொல்லுங்க.

14 வயசுக்குக் கீழ யாராவது நடிச்சா, படப்பிடிப்பு நடக்கற மாவட்டக் கலெக்டர்கிட்ட தயாரிப்பாளர் அனுமதி வாங்கணும். நாளைக்கு ஐந்து மணி நேரம், ஓய்வில்லாம மூணு மணிக்கு மேல கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேலயும் கூடாது. சம்பளத்துல 20 சதவீதம் பிள்ளை பேர்ல டெபாசிட். சென்சார்ல 2024லேர்ந்து யு/ஏ 7, 13, 16னு மூணா பிரிச்சிருக்காங்க. 13ஐக் குறி வையுங்க. 16 குடுத்துட்டா நீங்க யாருக்காக எடுத்தீங்களோ அவங்கள்ல பாதிப் பேரை அப்பா அம்மா யோசிச்சுத்தான் விடுவாங்க.

11-பி
அகவல்பித்தன் ஐயாவுக்கு ஒரு யோசனை. மண்டபத்தில் அவன் என்ன சொல்கிறான்? ‘நான்தான்’ என்று சொல்லத் தேவையில்லை. பிரேயரில் இல்லாத அந்த அடியைச் சொல்லட்டும்: ‘பல்லுயிரும் பலவுலகும் படைத்தளித்துத் துடைக்கினுமோர்’. பாட வேண்டாம், மெட்டுத் தகராறு வரும்; ஒப்பிக்கட்டும். தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்த ஓசை தினமும் காலையில் கேட்ட ஓசை, வார்த்தை மட்டும் புதுசு. ஒரு விநாடி குழம்பும். அந்த விநாடியில் மனோன்மணி திரும்பி, அடுத்த அடியைச் சொல்கிறாள்: ‘எல்லையறு பரம்பொருள்முன் இருந்தபடி இருப்பதுபோல்’. நூலைத் திறந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த வரி.

அகவல்பித்தன்
1000 அடி அடங்கும் என்றார்கள், இரண்டு தருகிறீர்கள். ஆனாலும் சரியான இரண்டு. ஒப்பித்தல் போட்டிக் காட்சிகளுக்கும் இந்நூலிலிருந்தே எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு அடி. குடிலனின் தனிமொழி ஒன்றும் இருக்கட்டும், அவன் ஒருவன் மட்டும் செய்யுளில் யோசிக்கட்டும். மாலை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

11-பி
என்னுடையதும். அவள் மாலையைக் கழற்றி அப்பா கையில் கொடுக்கிறாள், வாணியோடு வெளியே நடக்கிறாள்.

சேர்வராயன்
இரண்டு முடிவையும் எழுதி, ஒரே நாளில் இரண்டையும் எடுக்கிறேன். எடிட்டிங்கில் பார்க்கலாம்.

கொண்டைஊசி 17
அப்படின்னா மாலைக் கணக்கு ரெட்டிப்பு. லைட்டுச் சூட்டுல மல்லி ஒரு மணி நேரத்துல சுருங்கிடும், சம்பங்கி கொஞ்சம் தாங்கும். ஒரு முடிவுக்கு ஒரே அளவுல மூணு மாலை, ரெண்டுக்கு ஆறு. விடியக்காலைல வ.உ.சி. பூ மார்க்கெட்ல கட்டச் சொல்லி, ஈரத்துணி சுத்தி, ஐஸ் பெட்டில மேல ஏத்துங்க. முகூர்த்த நாள்ல ஷூட்டிங் வச்சுடாதீங்க, விலை மூணு மடங்கு சொல்வாங்க.