குப்பையைப் பொருளாக்கும் ஆட்களைச் சந்தித்ததுண்டா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பெரம்பூர் வாசி:

எங்கள் தெருமுனையில் ஒரு பழைய பேப்பர் கடை இருக்கிறது. போன மாதம் அட்டைப்பெட்டிகளைப் போடப் போன நேரம் மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அவர் கை ஓடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் கவருக்கு ஒரு சாக்கு, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு சாக்கு, ஷாம்பு டப்பாவுக்கு இன்னொன்று. பிஸ்கட் உறை வந்தால் மட்டும் தனியே வீசினார்.

"இத எவனும் வாங்க மாட்டான் சார். பிளாஸ்டிக்கும் வெள்ளித் தாளும் ஒட்டிக் கிடக்கு, பிரிக்க முடியாது" என்றார்.

பாட்டில் மூடியைக் கழற்றாமலே சாக்கில் போட்டாரே என்று கேட்டேன். கம்பெனியில் நறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்களாம். பாட்டில் துண்டு முழுகிவிடும், மூடித் துண்டு மிதக்கும். மூழ்கியதை எடுத்து உருக்கி இழையாக்கினால் அது பாலியஸ்டர் துணியாகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த அடர்த்தி இப்படி ஒரு தொழிலையே நடத்துகிறது!

அப்புறம் ஒரு செய்தித்தாள் கட்டைப் பிரித்தார். நடுவில் குழம்பு கொட்டி ஊறியிருந்தது. முக்கால்வாசிக் கட்டு அப்படியே குப்பைக்குப் போனது. யாரோ ஒருவர் வீட்டில் ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் ஒரே பையில் போட்டதன் விலை அது.

சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பல வருஷமாக எல்லாம் ஒன்றாகக் கலந்தே பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் போய் மலையாகக் குவிந்தது. இப்போது பயோமைனிங் என்று அந்த மலைகளைத் தோண்டிச் சலிக்கிறார்கள். மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். கந்தலும் பிளாஸ்டிக்கும் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகின்றன. செய்ய வேண்டிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எரித்த பிளாஸ்டிக் திரும்பி வராது. வீட்டு வாசலில் கலக்காமல் கொடுத்திருந்தால் இந்தக் கடைக்காரர் ஒரு நிமிஷத்தில் பிரித்திருப்பார். இருபது வருஷம் மண்ணில் ஊறிய பிறகு எந்த இயந்திரமும் அதைப் பழைய தரத்துக்குக் கொண்டுவர முடியாது. மாநகராட்சி அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சரக்கு வைக்க வார்டுக்கு ஒரு கொட்டகை கொடுத்தாலே பாதி வேலை நடக்கும் என்பது என் கருத்து.

குன்னூர்க்காரர்:

நகரம் இல்லை என்றாலும் எங்கள் நீலகிரி அனுபவம் உங்களுக்கு உதவும். 2022 மே மாதத்திலிருந்து இங்கே டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானை முதலான விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு இது.

தேயிலை பறிக்கும் ஒரு அக்காவைக் கடை வாசலில் பார்த்தேன். கையில் ஒரு பை நிறைய காலி பாட்டில்கள். டூரிஸ்ட்டுகள் ரோட்டோரம் போட்டுப் போனவை. "முன்னாடியெல்லாம் எஸ்டேட்டு ஓரத்துல பார்த்துப் பார்த்துத்தான் கால வைப்போம். இப்ப பாட்டில் கெடந்தா எடுத்துக்கிறோம்" என்றார். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. பாட்டில்களை வைக்க இடமில்லை, ஆள் போதவில்லை என்று ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் கேட்பது நியாயம், அதைச் சரிசெய்துதான் ஆக வேண்டும். ஆனால் எங்கள் சிறுவயதில் சோடா கடையில் காலி பாட்டிலை வைத்தால்தான் வீட்டுக்குப் புது பாட்டில் கொடுப்பார்கள். நமக்குப் பழகிய முறைதான் இது.

புனேயிலிருந்து:

இங்கே குப்பை எடுக்க வருபவரை மாவ்ஷி என்போம், மராத்தியில் சித்தி. ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பின் உறுப்பினர் அவர். குப்பை பொறுக்கியவர்களே உரிமையாளர்களாக இருக்கும் அமைப்பு, 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறது. வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் உண்டு. உலர் குப்பையை விற்ற காசும் அவர்களுக்கே.

அதனால் எங்கள் மாவ்ஷி கறாரானவர். தயிர் டப்பாவைக் கழுவாமல் போட்டால் மறுநாள் மணியடித்துத் திருப்பித் தருவார். எங்கள் மாடியில் எல்லா வீட்டிலும் இப்போது இரண்டு வாளி இருக்கிறது.

சென்னை நண்பர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் வருபவர்கள் உலர் குப்பையை விற்றால் அந்தக் காசு யாருக்குப் போகிறது? அவர்களிடமே பேசிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.