அழியாத சிவப்பு மை

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை:

பின்னக் கணக்கே வராத ஒரு மாணவனின் நோட்டு எப்போதும் கருமை படிந்து அழுக்காக இருக்கும் என்பதால், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அவனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன். ஒரு நாள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், சென்ற ஆண்டு பென்சிலால் எழுதியதை ரப்பரால் அழித்துவிட்டு அதே நோட்டில் இந்த ஆண்டுப் பாடத்தையும் அவன் எழுதி வந்தது தெரிந்தது. அவன் விடைகள் அழிந்திருந்தன. நான் சிவப்பு மையில் போட்ட தவறுக் குறிகள் மட்டும் அழியாமல் நிற்க, அவற்றின் மேல் படாதபடி ஒதுங்கி ஒதுங்கிப் புதிய கணக்குகளை எழுதியிருந்தான். அன்று முதல் மாலைதோறும் அவனுடன் உட்கார்ந்தேன். 1/2 உடன் 1/3ஐக் கூட்டினால் 2/5 என்று எழுதுபவன், தாளை மடித்துக் காட்டியதும், "கூட்டிய பிறகு பாதியைவிடக் குறையுமா, டீச்சர்?" என்று தானே கேட்டான். இன்றும் ஆண்டுதோறும் தொலைபேசியில் அழைக்கிறான். அந்த நோட்டைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

முன்னாள் மாணவி:

அவனுக்குப் புதிய நோட்டு வாங்கிக் கொடுத்தீர்களா, கொடுத்திருந்தால் யார் முன்னிலையில் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். எனக்கு ஓர் ஆசிரியர் வகுப்பே கைதட்ட நோட்டுகளைக் கொடுத்தார். அவற்றை நான் ஒரு நாளும் பையிலிருந்து எடுத்ததில்லை. உதவ நினைக்கும் ஆசிரியர்கள் நோட்டையும் பென்சிலையும் யார் வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி அலமாரியில் வைத்துவிடலாம். தனியாகச் சொல்லிக்கொடுப்பதானாலும், பின்தங்கிய ஒருவரை மட்டும் நிறுத்திவைக்காமல், நன்றாகப் படிக்கும் இருவரையும் உடன் இருக்கச் செய்யலாம். நோட்டின் தூய்மைக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை முதலில் விட்டுவிடலாம். அது பல வேளைகளில் வீட்டின் வசதிக்குப் போடும் மதிப்பெண்ணாகவே முடிகிறது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்:

அலமாரி யோசனை நல்லதுதான்; ஆனால் பிள்ளையைப் பள்ளியில் தக்கவைக்க அது போதாது. பின்னாளில் பிரெஞ்சு எழுத்தாளரான அல்பேர் காம்யுவுக்குச் சிறுவயதில் கட்டணமின்றிப் பாடம் நடத்திய ஆசிரியர் லூயி ஜெர்மேன், பேரன் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றிருந்த பாட்டியிடம் பேசி, உதவித்தொகைத் தேர்வு எழுத அவரைச் சம்மதிக்க வைத்தார். 1957இல் நோபல் பரிசு பெற்றபோது, தாய்க்கு அடுத்தபடியாக அந்த ஆசிரியரையே நினைத்ததாகக் காம்யு அவருக்குக் கடிதம் எழுதினார். என் மாணவி ஒருத்தி திடீரென வராமல் நின்றபோது, நான் ஒருமுறை அவள் வீடு வரை போய், கதவு பூட்டியிருந்ததைப் பார்த்துத் திரும்பியவன், மறுமுறை போகவில்லை. பல ஆண்டுகள் கழித்து, நான் இருக்கும் பள்ளி எது என்று விசாரித்துக்கொண்டு, தன் மகளைச் சேர்க்க அங்கேயே அவள் வந்தாள். விண்ணப்பத்தை என்னிடமே நீட்டி, "நீங்களே நிரப்பிக் கொடுங்கள், சார்" என்றாள்.