மெட்ரோ உங்கள் ஏரியாவுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா?

கோயம்பேட்டுக்காரன்

இன்றைக்கு ஜூன் 29, 2025. சென்னையில் மெட்ரோ ஓட ஆரம்பித்துச் சரியாகப் பத்து வருடம். காலையில் கோயம்பேடு ஸ்டேஷனில் ஏறினேன், ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. அப்போதுதான் 2015-ல் இதே நாளில் இதே ஸ்டேஷனுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது.

அன்றைக்கு மொத்தமே ஏழு ஸ்டேஷன்தான். கோயம்பேட்டில் ஏறினால் ஆலந்தூரில் இறங்கவேண்டும், பத்து கிலோமீட்டர். கடைசி வரைக்கும் போக 40 ரூபாய். "நாப்பது ரூபா குடுத்து ஆலந்தூர் போயி நான் என்னடா பண்றது?" என்றாள் அம்மா. நியாயமான கேள்விதான், ஆலந்தூரில் எங்களுக்கு யாரையும் தெரியாது. ஆனால் ஏறிப் பார்த்தால் எங்கள் பெட்டியில் பாதிப் பேர் எங்களைப் போலத்தான். ஆலந்தூரில் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று போட்டோ எடுத்து, அடுத்த வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு ரயிலைவிட எஸ்கலேட்டர்தான் பெரிய விஷயம். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலை வைப்பதும் எடுப்பதுமாக மூன்று முறை ஆயிற்று. பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. அங்கே நின்ற செக்யூரிட்டிப் பெண் "அம்மா, கீழ பாக்காதீங்க, என்னைப் பாருங்க" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். மேலே போய்ச் சேர்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இறங்கும்போதும் இதேதானா?"

அந்த வயதில் எனக்கு ஒன்று புரியவே இல்லை. சென்ட்ரலுக்கும் போகாமல் மவுண்ட் ரோட்டுக்கும் போகாமல் ஊருக்கு மேற்கே எதற்கு இந்த ரயில்? விஷயம் சாதாரணம். ரயில் நிறுத்தும் டிப்போ கோயம்பேட்டில் இருந்தது. தூண் நட்டு மேலே ஓடும் பகுதி முதலில் முடிந்தது. சுரங்கம் தோண்டும் பகுதி இழுத்தது. அதனால் முடிந்த துண்டை முதலில் திறந்தார்கள். அப்புறமும் ஊர் முழுக்கத் துண்டு துண்டாகத்தான் வந்தது. உங்கள் துண்டு எப்போது வந்தது, அந்த நாளில் என்ன நடந்தது? சொல்லுங்கள்.

ஈக்காட்டுத்தாங்கல் பையன்

நானும் முதல் ஏழில் ஒருவன். ஆனால் திறந்து ஐந்து மாதம் வரைக்கும் ஏறவே இல்லை, ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய்க்கு ஆகிற காரியத்துக்கு அது எதற்கு என்று இருந்தேன்.

2015 டிசம்பர் வெள்ளம். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, போனில் டவர் இல்லை. வடபழனியில் அக்கா வீட்டுக்குப் போயாகவேண்டும். தலைக்கு மேலே ரயில் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஏறினேன். பெட்டியில் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியுமாக ஆட்கள், எல்லார் காலிலும் முட்டி வரைக்கும் சேறு. அந்தப் பளபளப்பான தரை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆலந்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அடையாற்றின் மேலே வரும்போது எடுத்த வீடியோவைக் காட்டினார். ஆறு எது, தெரு எது என்று தெரியவில்லை, ஓட்டு வீடுகளின் முகடு மட்டும் தெரிந்தது.

அதற்கப்புறம் மெட்ரோவைப் பற்றி யாராவது "பணக்காரன் ரயில்" என்று சொன்னால் நான் வாயைத் திறப்பதில்லை. கட்டணம் அதிகம் என்பது உண்மைதான். 2021 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணத்தை 70-லிருந்து 50 ஆகக் குறைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் கார்டு வாங்கினார்கள்.

செனாய்நகர் 1978

எங்கள் துண்டு 2017 மே 14. திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரைக்கும், சென்னையின் முதல் சுரங்கப் பாதை. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஆனால் எனக்கு அந்த ஸ்டேஷனைப் பற்றி ஒரு கோபமும் உண்டு.

அந்த ஸ்டேஷன் இருக்கிற இடம் திரு.வி.க. பூங்கா. அப்பா தினமும் காலை ஐந்தரைக்கு அங்கே நடப்பார். ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு, அதில் அவரோடு நான்கு ரிட்டையர்டு ஆட்கள், ஒரே ஒரு பேப்பர். 2011-ல் பூங்காவை மூடி தகரம் அடித்தார்கள். "ரெண்டு வருஷத்துல தந்துடுவாங்களாம்" என்று அப்பா சொன்னார். மரங்கள் போயின. அந்த நான்கு பேரும் கொஞ்ச நாள் தகரத்துக்கு வெளியே நடைபாதையில் நின்று பேசினார்கள். பிறகு ஒவ்வொருவராக வருவது நின்றுவிட்டது.

பூங்காவைத் திரும்பத் திறக்கப் பத்து வருடத்துக்கும் மேல் ஆயிற்று. இப்போது நன்றாகவே இருக்கிறது, நடைபாதை, விளையாட்டுத் திடல் எல்லாம் உண்டு. நிழல்தான் இல்லை. கீழே ஸ்டேஷனின் கூரை இருக்கிறது, மரம் பெரிதாக வேர் விட மண் வேண்டுமே. அப்பா பார்க்கவில்லை.

மெட்ரோவில் நான் தினமும் எழும்பூர் போகிறேன், இருபது நிமிடம் மிச்சம். அதையும் சொல்லாவிட்டால் பொய் சொன்னதாகிவிடும்.

மவுண்ட் ரோடு கண்ணாடிக்கடை

செனாய்நகர் சார், உங்களுக்குப் பூங்கா, எங்களுக்கு ரோடு.

அண்ணா சாலையில் எல்.ஐ.சி. பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். ஸ்டேஷன் தோண்டுவதற்காக ரோட்டை ஒருவழி ஆக்கி, பஸ்ஸை ஒயிட்ஸ் ரோடு பக்கமும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கமும் திருப்பிவிட்டார்கள். கடை வாசலில் பஸ் ஸ்டாப் இருந்தது, அது போயிற்று. ஸ்டாப் இல்லாவிட்டால் கண்ணாடிக்கடைக்கு யார் வருவார்கள்? பஸ்ஸுக்கு நிற்கிறவன்தான் சும்மா உள்ளே வந்து ஃபிரேம் போட்டுப் பார்ப்பான். பத்தில் ஒருவன் வாங்குவான், எங்கள் பிழைப்பே அந்த ஒருவன்தான். முதலாளி மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார், நான் தப்பித்தேன்.

தினமும் சாயங்காலம் லென்ஸ் எல்லாவற்றையும் துடைப்போம். காலையில் வந்து பார்த்தால் மறுபடி மாவு தூவினமாதிரி இருக்கும்.

2017 ஏப்ரலில் ஜெமினி மேம்பாலம் தாண்டி ரோடு உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் பள்ளத்தில் இறங்கின, டிவியில் பார்த்திருப்பீர்கள். நல்லவேளை, யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் நாங்கள் எல்லாரும் ரோட்டைக் கடக்கும்போது மெதுவாகக் காலை வைத்தோம், ஏதோ நம் எடையில்தான் அது இறங்கப்போகிற மாதிரி.

2019 பிப்ரவரி 10-ம் தேதி தேனாம்பேட்டை டி.எம்.எஸ். ஸ்டேஷனிலிருந்து வண்ணாரப்பேட்டை வரைக்கும் திறந்தார்கள். அத்தோடு முதல் கட்டம் 45 கிலோமீட்டரும் முடிந்தது. முதல் சில நாள் இலவசம், கூட்டமான கூட்டம். கடைக்கும் வருவார்கள் என்று காத்திருந்தோம். வரவில்லை. கீழே போகிறவனுக்கு மேலே கடை இருப்பது எப்படித் தெரியும்? பிறகு முதலாளி ஸ்டேஷன் வாசலில் ஒரு பையனை நிற்க வைத்து நோட்டீஸ் கொடுத்தார். அதில் வியாபாரம் கொஞ்சம் தேறியது.

மீனம்பாக்கம் டாக்சி

ஏர்போர்ட் துண்டு 2016 செப்டம்பர் 21, சின்னமலை வரைக்கும். எனக்கு அது நஷ்டம், ஏனென்றால் நான் கார் ஓட்டுகிறவன்.

ஆனால் ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2018 மே மாதம் சென்ட்ரல் வரைக்கும் சுரங்கம் வந்தது, ஆனால் மவுண்ட் ரோடு வழி இன்னும் முடியவில்லை. அதனால் ஏர்போர்ட்டிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவில் போகவேண்டுமென்றால் கோயம்பேடு, அண்ணா நகர் எல்லாம் சுற்றிக்கொண்டு போகவேண்டும். வெளியூர்க்காரர்கள் மேப்பைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், இது தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற மாதிரி இருக்கே" என்று என்னிடமே வந்துவிடுவார்கள். எட்டு ஒன்பது மாதம் அந்தப் புண்ணியத்தில் ஓடியது.

தேரடி வீதி

எல்லாரும் சொன்னதைப் படித்தேன். எங்கள் கதை கொஞ்சம் வேறு மாதிரி. எங்களுக்கு ரயில் வந்தது, ஆனால் நிற்கவில்லை.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் ஒன்பது கிலோமீட்டர், 2021 பிப்ரவரி 14-ல் திறந்தார்கள். தண்டையார்பேட்டை வரைக்கும் சுரங்கம், புது வண்ணாரப்பேட்டையில் வெளிச்சத்துக்கு வந்து அதற்கப்புறம் டி.எச். ரோட்டுக்கு, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு, மேலேயே வரும். ஸ்டேஷன்கள் வரிசையாகத் திறந்தன. சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, அப்புறம் திருவொற்றியூர். நடுவில் தேரடி மட்டும் வேலை பாக்கி என்று திறக்கவில்லை.

எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் ஸ்டேஷன் தெரியும். ஆயாவுக்குச் சர்க்கரை, மாசம் ஒருமுறை ஜி.எச்.சுக்கு, அதான் சென்ட்ரல் எதிரே இருக்கிற அரசு பொது மருத்துவமனைக்கு, போய் மாத்திரை வாங்கவேண்டும். ஜி.எச். வாசலிலேயே சென்ட்ரல் மெட்ரோ. அதற்காகத்தான் ஆயா அந்த ரயிலை எண்ணிக்கொண்டிருந்தது. வேலை நடந்த வருடங்களில் டி.எச். ரோடு எப்படி இருந்தது என்று வடசென்னைக்காரர்களைக் கேளுங்கள். கன்டெய்னர் லாரி, பள்ளம், மழைத் தண்ணி, நடுவில் 28-ம் நம்பர் பஸ். ஆயா அதில் நின்றுகொண்டே போய் வந்தது.

திறந்த அன்றைக்கு மாடிக்குக் கூட்டிப்போனேன். ரயில் வந்தது, விளக்குப் போட்ட ஸ்டேஷன் வழியாக, நிற்காமல் போய்விட்டது. ஆயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டிரைவர் நம்மள பாக்கல போல" என்றது. காரணத்தை விளக்கிச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. மறுநாளிலிருந்து மாடியில் துணி காயப்போடும்போது ரயில் வந்தால் கையை ஆட்ட ஆரம்பித்தது. ஆட்டோவைக் கூப்பிடுகிற மாதிரி. எதிர்வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஆட்டும்.

பதின்மூன்று மாதம் இப்படி. மாசா மாசம் காலடிப்பேட்டை வரைக்கும் ஆயாவை நடத்திக் கூட்டிப்போவேன், வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழும். 2022 மார்ச் 13-ல்தான் தேரடியும் விம்கோ நகர் டிப்போவும் திறந்தன. அத்தோடு மொத்தம் 54 கிலோமீட்டர் ஆயிற்று. அன்றைக்கு ஆயாவை ஏற்றி உட்கார வைத்தேன். சென்ட்ரல் வருகிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "இத்தினி சீக்கிரமா வந்துட்டா நான் டோக்கன் வாங்கற கவுண்ட்டரே தொறந்திருக்காதே" என்றது. ஜி.எச். கவுண்ட்டர் உண்மையிலேயே திறக்கவில்லை, அரைமணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தோம்.

கோயம்பேட்டுக்காரன்

தேரடித் தம்பி, ஆயாவுக்கு என் வணக்கம்.

மதுரை டு சென்னை

ஒரு குறை. எட்டு வருடமாக எனக்கு மெட்ரோ என்றால் கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு ஸ்டேஷன்தான். ராத்திரி ஊரில் பஸ் ஏறினால் விடிகாலை இறங்கி, டீ குடித்துவிட்டு நேராக மேலே ஏறி முதல் வண்டியைப் பிடிப்பேன். 2023 கடைசியில் தென்மாவட்டப் பஸ்களுக்குக் கிளாம்பாக்கம் என்று ஆக்கிவிட்டார்கள். அங்கே மெட்ரோ இல்லை. ஏர்போர்ட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு 15 கிலோமீட்டர் சொச்சம் நீட்டிக்கத் திட்டம் இருக்கிறது, காகிதத்தில். பஸ் ஸ்டாண்டை நகர்த்துவதற்கு முன்னால் ரயிலை நகர்த்தியிருக்க வேண்டும். இப்போது மூட்டையோடு மாநகர பஸ் ஏறி ஏர்போர்ட் வந்து மெட்ரோ பிடிக்கிறேன்.

25ஜி பயணி

எங்கள் துண்டு இன்னும் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

வளசரவாக்கம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரைக்கும் 26 கிலோமீட்டர், இரண்டாம் கட்டத்தின் ஒரு வழித்தடம். மயிலாப்பூர், பனகல் பார்க், கோடம்பாக்கம், வடபழனி, போரூர். கிட்டத்தட்ட எங்கள் 25ஜி பஸ்ஸுக்கே தண்டவாளம் போட்ட மாதிரி. ஆற்காடு சாலையில் ஒரு இடத்தில் மாதவரம் – சோழிங்கநல்லூர் தடமும் இதுவும் ஒரே தூணில் மேலும் கீழுமாக இரண்டு அடுக்காகப் போகும். அந்தத் தூணின் உயரத்தைக் கீழே பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

நாலு வருடமாக இங்கே வாழ்வது எப்படி என்று கண்ணாடிக்கடை அண்ணனுக்குத் தெரியும். எங்கள் தெருமுனையில் குடிநீர்க் குழாய் மூன்று முறை உடைந்தது. யாரிடம் சொன்னாலும் "அது நாங்க இல்ல சார், அவங்க" என்பார்கள். அவங்களிடம் போனால் அவர்களும் அதையே சொல்வார்கள். என் பையன் பிறந்ததிலிருந்து அந்தத் தகரத் தடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான், ரோடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறான்.

மார்ச் மாதம் பூந்தமல்லி பக்கம் முதல் சோதனை ஓட்டம் நடந்தது. அப்புறம் போரூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். டிரைவர் இல்லாமலே ஓடக்கூடிய மூன்று பெட்டி வண்டி. போன வாரம் ஐயப்பன்தாங்கல் மாமியார் வீட்டில் இருந்தபோது மேலே காலியாகப் போனது. பையன் கத்தினான், "அப்பா, நிறுத்தச் சொல்லு!"

தேரடி வீதி

அண்ணே, கையை ஆட்டச் சொல்லுங்க. எங்களுக்குப் பதின்மூன்று மாசம் ஆச்சு.