உள்ளகப் பயிற்சி அறிக்கையில் எதை முதலில் எழுதுவது?

கேள்வி:
மழலையர் கல்விக் கொள்கை ஆய்வில் உள்ளகப் பயிற்சி முடித்திருக்கிறேன். காசிமேட்டில் விடியுமுன்பே மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிடும் தாய்மார்களின் பிள்ளைகளை, அங்கன்வாடி திறக்கும்வரை பாட்டியோ அக்காவோ பார்த்துக்கொள்வதை அப்போதுதான் அறிந்தேன். இதை அறிக்கையில் எங்கே வைப்பது?

மறுமொழி 1:
முதலிலேயே வையுங்கள், தம்பி. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம், ஆறு வயதுக்குட்பட்டோருக்கு ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகியவற்றை ஒன்றாகக் கொண்டுவந்தது. ஆனால் இத்திட்டம் நடக்கும் அங்கன்வாடி மையத்தின் நேரம் தாயின் வேலைநேரத்தோடு பொருந்தாவிட்டால் அது பிள்ளைக்கு முழுமையாக எட்டாது.

மறுமொழி 2:
தண்டையார்பேட்டையில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். எடை பார்ப்பதற்கும் பதிவேடு எழுதுவதற்கும் இடையில்தான் பாட்டும் கதையும் நடக்கின்றன. எங்களையும் கேட்டு எழுதுங்கள்.

கேட்டவர்:
நன்றி அக்கா. என் வினாப்பட்டியலில் நேரத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. உங்கள் மையத்துக்கு வரலாமா?