குறைந்த டோஸ் இம்யூனோதெரபி: மலையில் இருப்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோத்தகிரி மகள்:
அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே வெற்றிலை, புகையிலைப் பழக்கம். ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து கழுத்தில் திரும்பவும் கட்டி வந்தபோது கோவை டாக்டர் நிவோலுமாப் பற்றிச் சொன்னார். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றோடு போராட வைக்கும் இம்யூனோதெரபி ஊசி அது. முழு டோஸுக்கு ஆகும் செலவைக் கேட்டதும் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்புறம்தான் குறைந்த டோஸ் பேச்சு வந்தது. வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதில் 20, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. கூடவே மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகள். இதைப் பற்றி மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை டாக்டர்களின் ஆய்வு 2022இல் வெளியானது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், நிவோலுமாபும் சேர்த்து எடுத்தவர்களில் 43.4. எங்களுக்கு அது போதுமான நம்பிக்கை. 40 மில்லிகிராம் குப்பியை ஒரே நாளில் இரண்டு பேருக்குப் பிரித்துப் போட்டார்கள். அப்பாவோடு பங்கு போட்டவர் குன்னூர்க்காரர். அவரிடம் போனில் கேட்டுத்தான் நாள் குறிப்போம்.

மலையில் இருப்பவர்கள் பக்கவிளைவில் ரொம்பக் கவனமாக இருங்கள். இந்த மருந்து நோயோடு போராடும் வெள்ளை அணுக்களான நம் டி செல்களைத் தடுத்து வைத்திருக்கும் பிரேக்கை விடுவிக்கிறது. அவை புற்றோடு நிற்காமல் நுரையீரல், குடல், தைராய்டு என்றும் திரும்பலாம். அப்பாவுக்கு வறட்டு இருமல் வந்தது. பனிக்காலம், வீட்டில் எல்லோருக்குமே இருமல்; பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பிறகு பாத்ரூம் போய் வந்தாலே மூச்சு வாங்கியது. எங்கள் உயரத்தில் அவருக்கு ஆக்சிஜன் 95 காட்டும், அன்று விரலில் மாட்டிப் பார்த்தால் 89. கோவைக்குப் போன் போட்டோம். "இப்பவே கீழே கிளம்பி வாங்க" என்றார் டாக்டர். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் அழற்சி. ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள். இருமல், வயிற்றுப்போக்கு எது வந்தாலும், எந்த டாக்டரிடம் போனாலும், முதலில் இந்த ஊசி போடுவதைச் சொல்லிவிடுங்கள்.

ஊட்டிக்காரன்:
தம்பிக்கு லிம்போமா, நிணநீர் மண்டலப் புற்றுநோய். அவனுடைய டி செல்களையே எடுத்து, புற்றைத் தாக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சைக்குக் கேட்டிருக்கிறோம். ஐஐடி மும்பையும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. அமெரிக்க விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், ஆனாலும் லட்சக்கணக்கில். எடுத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கூடலூர் அண்ணன்:
அழற்சி வந்த பிறகு அப்பாவுக்கு ஊசியைத் தொடர்ந்தார்களாம்மா?

கோத்தகிரி மகள்:
இல்லை அண்ணா, நிறுத்திவிட்டார்கள். மாத்திரை மட்டும் போகிறது. கட்டி அதற்கப்புறமும் வளரவில்லை. அடுத்த ஸ்கேன் ஐப்பசியில்.